நாச்சிமுத்து ஏரோப்ளேனில் கல்யாணத்துக்குப் போன கதை

பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போகிற வழியில், காற்றாலைகளுக்கு நடுவே பூசாரிவலசு என்று ஓர் ஊர். தேடிக்கொண்டு போகாதீர்கள், கிடைக்காது. கிடைத்தாலும் யாரிடமும் வழி மட்டும் கேட்காதீர்கள், சொல்லிவிடுவார்கள்.

அந்த ஊரில் நாலு சிநேகிதர்கள். மூத்தவர் சென்னியப்பன், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் மாரப்பன் பெயிண்டர், கொழந்தவேலு ஃபிட்டர். நாலாவது ஆள் நாச்சிமுத்து, லாரி டிரைவர். நாலு பேருக்கும் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதை அப்படியே செய்துவிடுவார்கள், அது ஒன்றுதான் பழக்கம். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கோழிப்பண்ணை காளியண்ணன் மகள் கோகிலாமணி மேல் ஆசை. அந்தப் பெண்ணுக்கும் இவன்மேல் ஓர் இது. ஆனால் காளியண்ணனுக்கு இவன் பெயரைக் கேட்டாலே ஆகாது. ஒருமுறை முட்டை லோடு ஏற்றிவிட்டு, "பாத்து, மெதுவாப் போப்பா" என்று அவர் சொல்லிவிட்டார். இவனும் மெதுவாகத்தான் போனான். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது முட்டைக்குப் பதிலாகக் குஞ்சுகள் இறங்கி வந்தன.

ஆனாலும் மாரியம்மன் நோன்பன்றைக்கு, ஊர் கூடியிருந்த இடத்தில், நாலு பேரும் வெற்றிலை பாக்கோடு போய்ப் பெண் கேட்டார்கள். காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உனக்குப் பொண்ணா? நீ ஏரோப்ளேன்ல வந்து நில்லு, அன்னிக்கே கட்டித் தர்றேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாலு பேர் மட்டும் சிரிக்கவில்லை. சென்னியப்பன் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்டா. நாம கேட்டது பொண்ணு. அவரு பொண்ணையும் குடுத்து, வர்ற வண்டியையும் சொல்லிட்டாரு."

"என்ன கலர்னு கேக்காம வந்துட்டமேங்ணா" என்று மாரப்பன் வருத்தப்பட்டான்.

சேலம் பக்கம், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் ஒன்று மூடிக் கிடக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டுப் போனார்கள். அங்கே ரொசாரியோ என்று வயசான கேப்டன் ஒருத்தர், புல் முளைத்த மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் சின்னதாக ஒரு ஏரோப்ளேன், வெள்ளையும் நீலமுமாக, பெயிண்ட் உரிந்து நின்றது.

சென்னியப்பன் லாரி பார்க்கிற மாதிரி அதைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்தார். "மூணு சக்கரந்தான் இருக்குது. ஒண்ணு எங்கீங்க?"

"மூணுதாங்க அதுக்கு" என்றார் கேப்டன். "இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடறேன். இதுல என்ஜின் இல்லை. கழட்டி வித்தாச்சு. றெக்கை இருக்கு, சீட்டு இருக்கு, முன்னால காத்தாடி இருக்கு. காட்சிக்கு வைக்கத்தான் ஆகும்."

நாலு பேரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள்.

"என்ஜின் இல்லியாம்ணா."

"டேய், வண்டியில மக்கர் பண்றது எது? என்ஜின். பொகை விடறது எது? என்ஜின். டீசல் குடிக்கிறது எது? அதைக் கழட்டி வீசிட்டு வண்டியை மட்டும் குடுக்கறாரு. இப்பிடி ஒரு ஏவாரி இந்தக் காலத்துல எங்க கெடைப்பாரு?"

தங்களுடைய பழைய லாரியைக் கொடுத்து ஏரோப்ளேனை மாற்றிக்கொண்டார்கள். கேப்டன் அவர்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, லாரிச் சாவியை உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் என்பதால் ஒரு யோசனையும் சொன்னார்: "பெயிண்ட் மட்டும் புதுசா அடிச்சுக்கங்க. ஆனா இப்ப எப்படி இருக்கோ அப்படியே வரணும். ஒண்ணும் மாத்தாதீங்க."

மாரப்பன் தொழிலில் சுத்தமான ஆள். றெக்கைகளைக் கழற்றி வாடகை லாரியில் லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஏரோப்ளேனை அடி முதல் நுனி வரை பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டான். பட்டறைக்குக் கொண்டுவந்து, றெக்கைகளை மறுபடி மாட்டி, பழைய பெயிண்டைச் சுரண்டினான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், பிரைமர் அடித்தான், வெள்ளையும் நீலமும் அடித்தான். கண்ணாடி மாதிரி பளபளத்தது. கொழந்தவேலு கை தட்டினான்.

"இருடா, இன்னும் முடியலை" என்றான் மாரப்பன். சின்ன பிரஷ்ஷை எடுத்து உட்கார்ந்தான். துரு இருந்த இடத்தில் துரு வரைந்தான். பெயிண்ட் உரிந்த இடமெல்லாம் உரிந்த மாதிரியே தீட்டினான். வால் பக்கம் இருந்த கீறலை ஸ்கேல் வைத்துப் போட்டான். றெக்கையில் புறா எச்சம் போட்டிருந்ததை ஒவ்வொன்றாக, ஒழுகியது ஒழுகியபடியே, வெள்ளைப் பெயிண்டில் வைத்தான்.

சென்னியப்பன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். "இந்த எச்சம் அங்க இல்லியே?"

மாரப்பன் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தான். "இது நான் வரைஞ்சது இல்லீங்ணா. இப்பத்தான் ஒரு காக்கா வந்துட்டுப் போச்சுங்."

"தொடைச்சிரு. கேப்டன் மாத்தப்படாதுன்னு சொல்லியிருக்காரு."

துடைத்தார்கள். வாலில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதலாமா கூடாதா என்பதில்தான் பெரிய வாக்குவாதம் வந்தது. எழுதாத வண்டி அந்தப் பட்டறையைவிட்டு அதுவரை வெளியே போனதில்லை. கேப்டன் பெயிண்டைத்தான் மாற்றக் கூடாது என்றார், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று சென்னியப்பன் தீர்ப்புச் சொன்னார்.

"வானத்துல பின்னாடி ஆருங்ணா வருவாங்க?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"ஏன், கழுகு வரும். கொக்கு வரும்."

"கொக்குக்குப் படிக்கத் தெரியுங்களா?"

சென்னியப்பன் தாடையைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "படிக்காத கொக்கும் இருக்கும். அதுகளுக்குன்னு பக்கத்துல ஒரு ஹாரன் படம் போட்டிரு."

கொழந்தவேலுவும் சும்மா இருக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த காத்தாடியைக் கழற்றி, லாரிச் சக்கரத்து பேரிங்கில் மாட்டி, உள்ளே கிரீஸை அடைத்தான். வாயால் ஊதினாலே சுற்றியது. உருப்படியான வேலை என்று அந்தப் பட்டறையில் நடந்தது அது ஒன்றுதான், பின்னால் அத்தனை வம்பும் அதிலிருந்துதான் வந்தது.

ஏரோப்ளேன் வாங்கினால் அனுபவிக்க வேண்டாமா? சாயங்காலமானால் நாலு பேரும் குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு ஏறி உட்காருவார்கள். ஜன்னல் ஓரம் மாப்பிள்ளைக்கு. முதல் நாள் ரொம்ப நேரம் வெளியே பார்த்துவிட்டு நாச்சிமுத்து சொன்னான், "அண்ணா, ஒண்ணுமே பின்னாடி போக மாட்டீங்குதுங்."

அது நியாயமான குறை. மறுநாள் கொழந்தவேலு தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். மூக்குப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக, ஜன்னலை ஒட்டி விரட்டினான். ஆடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகப் போக உள்ளே ஒரே கூச்சல். "அடேங்கப்பா, என்னா வேகம்!" என்று சென்னியப்பன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாரப்பன் ஒரு பையில் வாந்தி எடுத்தான். ஆடுகள் வேலியோரம் நின்று மேய ஆரம்பித்தால் சிக்னல் போட்டிருக்கிறான் என்று பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதைக் கேள்விப்பட்டுக் காளியண்ணனே நேரில் வந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் மனிதர் வீம்புக்காரர். ஊர் கூடின இடத்தில் கொடுத்த வார்த்தையை விழுங்கினால் அவர் காளியண்ணன் இல்லை.

"சரி, வைகாசியில முகூர்த்தம். என்ற மண்டபத்துக்கு நீ இதுலதான் வரோணும். முகூர்த்த நேரத்துக்குள்ள தாலி கட்டியிருக்கோணும். ஒரு நிமிசம் தாண்டுச்சுன்னா, என்ற தங்கச்சி பையன் பட்டு வேட்டி கட்டிட்டுப் பக்கத்துலயே நிப்பான், அவன் கட்டிருவான். தெரிஞ்சுதா?"

அன்று ராத்திரி நாச்சிமுத்துவுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. கோகிலாமணி போன் பண்ணினாள். "எப்பிடியாச்சும் நேரத்துக்கு வந்திருங்க. அந்த அத்தை பையனை நான் கட்ட மாட்டேன். அவனுக்குக் கோழின்னாலே பயம்" என்று அழுதாள். இவனும் அழுதான்.

முகூர்த்தத்தன்று காலையில், நல்ல காரியத்துக்குப் போகிறோமே என்று கேப்டனுக்குப் போன் போட்டு ஆசீர்வாதம் கேட்டார்கள். அவர் அரைத் தூக்கத்தில் எடுத்தார். மாணவர்களுக்கு வாழ்க்கை முழுவதும் சொன்னதை அப்படியே சொன்னார்: "காத்தாடியைக் கையால தொடவே கூடாது. அது முழுசா நிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறவங்க யாரும் இறங்கக் கூடாது. இதை மறந்தவன் உருப்பட்டதில்லை." சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போனார்.

டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு, காட்டு வழியாகப் புறப்பட்டார்கள். பின்னால் வந்த மொபெட்காரர் ஒருத்தர், வாலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். நாச்சிமுத்து தலையில் உருமாலை கட்டி, மாலை போட்டு, ஜன்னல் ஓரமாக ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். முகூர்த்தத்துக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது.

மண்டபம் பொட்டல் காட்டில் மேற்குப் பார்த்து இருந்தது. சுற்றிலும் காற்றாலைகள். வைகாசி பிறந்தால் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தப் பக்கம் காற்று எப்படி வரும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த வருசத்துக் காற்று, அன்றைக்கென்று பார்த்து, மேளம் கொட்டுகிற நேரத்தில் ஆரம்பித்தது. ஏரோப்ளேன் வந்து, அதுவும் மேற்குப் பார்த்து நின்றது. காத்தாடி விர்ரென்று சுற்றியது.

ஆரத்தித் தட்டில் சூடம் அணைந்தது. "மாப்ள, எறங்குங்க!" என்றார் காளியண்ணன்.

"காத்தாடி நிக்கட்டுங் மாமா."

"அதுல என்ஜினே இல்லையேடா! காத்துக்குச் சுத்துது!"

"எதுக்குச் சுத்துனா என்னங்க" என்றார் சென்னியப்பன், "சுத்துதில்ல."

காளியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைப் பிடிக்கப் பாய்ந்தார். மூன்று பேரும் அவரைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள். "கையால தொடப்படாதுங்!" குச்சியை விட்டு நிறுத்தலாம் என்றார் ஒரு பெரியவர். குச்சியைக் கையில்தானே பிடிக்க வேண்டும் என்று மாரப்பன் கேட்டதும், அவர் எடுத்த குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நாச்சிமுத்து உள்ளேயிருந்து காத்தாடியையும் மண்டப வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். வாசலில் அத்தை பையன் பட்டு வேட்டியோடு வந்து நின்றான். "அண்ணா, என்னமாச்சும் பண்ணுங்ணா!" என்று கதறினான் நாச்சிமுத்து. அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

மாரப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். "அண்ணா, மேல பாருங்ணா. இத்தனை பெரிய பெரிய ஃபேனைப் போட்டு வெச்சிருக்காங்க. காத்து எப்படிங்ணா நிக்கும்?"

சென்னியப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பகலில் எதற்கு இத்தனை ஃபேன் ஓட வேண்டும் என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. உடனே கொழந்தவேலு காற்றாலைக் காவலாளியிடம் ஓடினான். "ஒரு தாலி கட்டற நேரம் அணைச்சு வைங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினான். காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொழந்தவேலு வெறுங்கையோடு திரும்பி வந்தான். கல்யாணத்தை நடத்தி வைக்கிற அருமைக்காரர், "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க இருக்குது" என்று காளியண்ணன் காதில் சொன்னார். அத்தை பையன் மணவறைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

அப்போது மண்டபத்துக்குள்ளிருந்து கோகிலாமணி விறுவிறுவென்று வந்தாள். கழுத்தில் மாலை, கையில் தாலித் தட்டு. நேராக ஏரோப்ளேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவருதான எறங்கப்படாது? நான் ஏறலாமில்ல?"

மூன்று பேரும் தலையோடு தலை சேர்த்து ஆலோசித்தார்கள். "ஏறறதைப் பத்திக் கேப்டன் ஒண்ணும் சொல்லலீங்க, அம்முணி" என்றார் சென்னியப்பன். சொல்லி முடிப்பதற்குள் அவள் வால் பக்கமாகச் சுற்றி வந்து, றெக்கையில் காலை வைத்து ஏறி, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அருமைக்காரரையும் றெக்கைமேல் தூக்கிவிட்டார்கள். அவர் ஒரு கையால் உருமாலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் வழியாகத் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதையைக் காற்று பாதி வழியிலேயே கொண்டுபோய்விட்டாலும், தாலி நேரத்துக்குள் ஏறிவிட்டது. நாச்சிமுத்து தேம்பித் தேம்பி அழுதான். காளியண்ணனும் கண்ணைத் துடைத்தார், காற்றில் தூசி என்றார். அத்தை பையன் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கல்யாணம் ஆன பிறகும் காத்தாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பொண்ணு மாப்பிள்ளைக்கு இலையை உள்ளேயே நீட்டினார்கள். சாப்பிட்டு முடித்ததும் வெயில் ஏறி, உள்ளே வெந்தது. கோகிலாமணி ஒரு யோசனை சொன்னாள்: "காத்து மொகத்துல அடிக்கிறதுனாலதான் சுத்துது. வண்டியை முழுசாத் திருப்பி நிறுத்துங்க, நின்னுரும்."

நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள். இப்படி ஒரு மூளையா! சென்னியப்பன் பெருமையில் துண்டை உதறித் தோளில் போட்டார். மூன்று பேரும் பின்னால் நின்று வாலைப் பிடித்துத் தள்ளினார்கள். ஏரோப்ளேன் மெல்லத் திரும்பியது. பாதி திரும்பியதும் காத்தாடி தயங்கித் தயங்கி அப்படியே நின்றுவிட்டது.

"நின்னுருச்சு! எறங்குங்க, எறங்குங்க!" என்று கூட்டம் கத்தியது. நாச்சிமுத்து ஒரு காலை வெளியே வைத்தான்.

"காலை உள்ள எட்றா!" என்று அதட்டினார் சென்னியப்பன். "அந்தப் புள்ள முழுசாத் திருப்பச் சொல்லியிருக்குது. வந்த அன்னிக்கே அது பேச்சைத் தட்டறதா?"

நாச்சிமுத்து காலை உள்ளே இழுத்துக்கொண்டான். முழுசாகத் திருப்பினார்கள். காற்று இப்போது வால் பக்கமிருந்து வந்தது. நின்றிருந்த காத்தாடி ஒருமுறை அசைந்தது. பிறகு மெதுவாக, எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்து, வேகம் பிடித்தது.

மாரப்பன்தான் முதலில் பேசினான். "அண்ணா, இந்தப் பக்கம் சுத்துனா ரிவர்ஸ் இல்லீங்களா?"

சென்னியப்பன் முகம் வெளிறியது. "ஆமாண்டா. ரிவர்ஸ்ல போகுது."

"ரிவர்ஸ்ல போனா எங்கீங்ணா போகும்?"

"வந்த வழியில பின்னாடி போகும். இப்ப சாப்பாட்டைத் தாண்டும். அப்பறம் கெட்டிமேளத்தைத் தாண்டும். அப்பறம் காலையில பட்டறைக்குப் போயிரும்."

"காலையில பட்டறையில நம்ம நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம் ஆகலீங்களே!"

நாச்சிமுத்து போட்ட அலறலில் பந்தியில் இருந்தவர்கள் இலையைவிட்டு எழுந்து ஓடி வந்தார்கள். அவன் கோகிலாமணியின் கழுத்தைப் பார்த்தான். "இருக்குதுங்ணா! தாலி இன்னும் இருக்குது!"

"இப்ப இருக்குது. இன்னும் கொஞ்ச தூரம் போனா?"

அதுவரை தெளிவாக இருந்த கோகிலாமணியே இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டாள். "அப்பா! வாசல்ல அத்தை பையன் மறுபடி நிப்பான் பாருங்க!" என்று அழுதாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை பையன் கை கழுவிவிட்டு, வாசலில்தான் நின்றிருந்தான்.

காளியண்ணன் மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார். "அருமைக்காரரைக் கூப்பிடுங்கப்பா! என்ன, சாப்பிடறாரா? அவரு இன்னும் சாப்பிடவே இல்லை, எந்திரிச்சு வரச் சொல்லுங்க! மறுபடியும் கட்டிரலாம்!"

"முகூர்த்தம் முடிஞ்சு போச்சுங்களே" என்றார் அருமைக்காரர், பாயசக் கையோடு.

"பின்னாடி போறமில்லீங்க? முகூர்த்தம் எதுத்தாப்புல வருமுங்க" என்றார் சென்னியப்பன். தன் கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்து, முள்ளைப் பின்னால் சுற்றிக்கொண்டே வந்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பார்த்தது. முள் முகூர்த்த நேரத்துக்கு வந்ததும், "இதா வந்துருச்சு! கெட்டிமேளம்!" என்று கத்தினார். மேளம் கொட்டியது. நாச்சிமுத்து அதே தாலியில் இன்னொரு முடிச்சைப் போட்டான், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, இறுக்கி.

சாப்பிட்டவர்கள் எல்லோரும் சாப்பிடாதவர்கள் ஆகிவிட்டதால், காளியண்ணன் மறுபடியும் பந்தி போடச் சொன்னார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் காற்று அடங்கி, காத்தாடி நின்று, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருவழியாகக் கீழே இறங்கினார்கள்.

அதிலிருந்து அவர்களுக்கு வருசத்தில் ரெண்டு கல்யாண நாள். ரெண்டும் ஒரே தேதியில்தான் வருகிறது. ரெண்டுக்கும் கோகிலாமணி தனித்தனியாகக் கேசரி கிண்டுகிறாள். "எதுக்கப்பா இந்தச் சிரமம், ஒண்ணு போதாதா?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டால், நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பான்.

"நாளைக்கு ஒண்ணை மறந்துட்டா என்னங்க பண்றது? இன்னொண்ணு இருக்குதில்ல."